உழைப்பவனை மறவாதிருப்போம்



ஆலைத் தொழிலாளர் துன்புற்ற காலத்தில், 1891இல், பாப்பரசர் 13ஆம் லியோ ‘ரேரும் நோவாரும்’ சுற்றுமடலை வெளியிட்டார். நீதியான கூலியும் ஓய்வும் சங்கம் அமைக்கும் உரிமையும் தொழிலாளருக்கு வேண்டுமென்றார். 2025 மே மாதத்தில் அப்பெயரையே ஏற்ற 14ஆம் லியோ, செயற்கை நுண்ணறிவை மற்றுமொரு கைத்தொழிற் புரட்சியாகக் கர்தினால்மாருக்கு எடுத்துரைத்தார்.

கடிதம் எழுதுதல், மொழிபெயர்த்தல், கணக்குப் பார்த்தல் யாவற்றையும் இன்று இயந்திரம் நொடியில் முடிக்கிறது. அதனால் வேலையிழந்தவன் வீட்டில் அடுப்பெரிகிறதா என்று அது கேளாது. அதைக் கேட்கவேண்டியவர்கள் நாமே. உழைப்பு, படைத்தவரின் பணியில் மனிதன் பெறும் பங்கு. அதைப் பறிகொடுத்தவன் கூலியோடு மதிப்பையும் இழக்கிறான்.

பெற்றோரே, புதிய கருவிகளைப் பிள்ளைகள் கற்கட்டும். ஆனால் வேலையற்றிருக்கும் அயலவரை இவ்வாரமே சென்று காணுங்கள். பிள்ளைகளையும் கூட்டிச் செல்லுங்கள்.