முதல் திரை யாருடையது?

ஐபோன் செயலி எழுதப் பழகுகிறவருக்கு முதல் திரை ஒரு பிரச்சினையாகவே தெரியாது. எக்ஸ்கோடில் யூஐகிட் முறையில் புதிய புராஜெக்ட் திறந்ததும் மெயின் ஸ்டோரிபோர்டு தயாராக வந்து நிற்கும். உள்ளே ஒரு திரையின் இடப்பக்கம் ஓர் அம்புக்குறி இருக்கும். அது எந்தத் திரையைத் தொட்டுக்கொண்டிருக்கிறதோ அதுதான் செயலி திறந்ததும் வரும். அம்பை இழுத்து வேறொரு திரையில் விட்டால் அது முதல் திரையாகிவிடும். 2011-இல் ஐஓஎஸ் 5-உடன் வந்த இந்த ஏற்பாடு, ஒரு வரிகூட எழுதாதவருக்கும் ஒரு தொடக்கத்தைக் கொடுத்துவிடுகிறது.

லாகின் என்று ஒன்று வந்ததும் அம்பு போதாமல் போகிறது. ஏற்கெனவே லாகின் செய்தவருக்கு ஹோம் பக்கம் வர வேண்டும். புதியவருக்கு லாகின் பக்கம் வர வேண்டும். அம்போ ஒன்றைத்தான் காட்டும். ஆகவே டெவலப்பர் பொறுப்பைத் தன் கைக்கு மாற்றிக்கொள்கிறார். இன்ஃபோ பிலிஸ்ட் என்ற அமைப்புக் கோப்பில் ஸ்டோரிபோர்டின் பெயரை நீக்குகிறார். திரையைத் தயார்செய்ய ஐஓஎஸ் அழைக்கும் சீன் டெலிகேட்டில் விண்டோ ஒன்றை உருவாக்குகிறார். (2019-இல் ஐஓஎஸ் 13 வரும்வரை இந்த வேலை ஆப் டெலிகேட்டில் நடந்தது.) அந்த விண்டோவில் முதலில் வர வேண்டிய திரையின் கன்ட்ரோலரை (ரூட் வியூ கன்ட்ரோலர்) அமர்த்தி, கடைசியில் ‘மேக் கீ அண்ட் விசிபிள்’ என்று அழைக்கிறார். எல்லாம் சேர்த்து நாலைந்து வரிதான்.

அந்தக் கடைசி வரியை விட்டுவிட்டால் திரை கறுப்பாகவே நிற்கும். எரர் வராது, கிராஷ் ஆகாது. கன்ட்ரோலர் இருக்கும், விண்டோவும் இருக்கும். காட்டு என்று யாரும் சொல்லாததால் எதுவும் தெரியாது. நேற்றுவரை இதை ஐஓஎஸ் சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்தது. பொறுப்பை வாங்கிக்கொண்ட அன்றைக்குத்தான் இப்படி ஒரு வேலை இருந்ததே தெரியவருகிறது.

அதிகாரம் கைக்கு வந்ததும் ஆசையும் கூடவே வருகிறது. திறந்தவுடன் நிறுவனத்தின் லோகோ கொஞ்ச நேரம் நிற்கட்டும் என்கிறார் ஒருவர். நோட்டிஃபிகேஷன் அனுமதியை அங்கேயே வாங்கிவிடலாம் என்கிறார் இன்னொருவர். சலுகை விளம்பரம், புதிய வசதிகளுக்கான அறிமுகம், லொகேஷன் அனுமதி என்று ஒவ்வொரு பிரிவும் முதல் திரையில் இடம் கேட்கிறது. கேட்பவர்கள் எல்லாருக்கும் நியாயம் இருக்கிறது. செயலியைத் திறந்தவர் மட்டும் அந்தக் கூட்டத்தில் இல்லை.

அவர் சார்பாகச் சில எல்லைகளை இயங்குதளங்களே போட்டிருக்கின்றன. திறந்த 400 மில்லி விநாடிக்குள் முதல் காட்சி வந்துவிட வேண்டும் என்பது ஆப்பிள் 2019-இல் டெவலப்பர்களுக்குச் சொன்ன இலக்கு. ஏறத்தாழ 20 விநாடியாகியும் திறந்து முடிக்காத செயலியை ஐஓஎஸ் தானே நிறுத்திவிடும். ஆண்ட்ராய்டில் முழுதாக மூடிக்கிடந்த செயலி திறக்க 5 விநாடியோ அதற்கு மேலோ எடுத்தால், அதை அளவு மீறிய தாமதம் என்று கூகுள் கணக்கில் வைக்கிறது. 2021-இல் வந்த ஆண்ட்ராய்டு 12, செயலியின் ஐகானைக் காட்டும் தொடக்கத் திரையைத் தானே போட ஆரம்பித்தது. ஏற்கெனவே சொந்தமாக லோகோ திரை வைத்திருந்த செயலிகள், மாற்றிக்கொள்ளும்வரை இரண்டு லோகோக்களை அடுத்தடுத்துக் காட்டிக்கொண்டு நின்றன.

வேகம் இதில் பாதிதான். மீதிப் பாதி, முதல் திரையை அமைக்கும் அந்த ஃபங்ஷனின் தலைப்பு வரியிலேயே இருக்கிறது. ஐஓஎஸ் சீன் டெலிகேட்டை அழைக்கும்போது ‘கனெக்‌ஷன் ஆப்ஷன்ஸ்’ என்ற தகவலையும் சேர்த்துக் கொடுக்கிறது. வந்தவர் ஐகானைத் தொட்டு வந்தாரா, ஒரு லிங்க்கைத் தட்டி வந்தாரா, நோட்டிஃபிகேஷன் வழியாக வந்தாரா என்பது அதில் இருக்கும். ஆண்ட்ராய்டின் ‘ஆன் கிரியேட்’ ஃபங்ஷனுக்கு ‘சேவ்டு இன்ஸ்டன்ஸ் ஸ்டேட்’ வருகிறது. அது காலியாக இருந்தால் புதிய வருகை. இல்லையென்றால் அவர் பாதியில் விட்டுப்போன வேலையின் குறிப்பு. திரையைக் கட்டு என்று சொல்லும்போதே, வந்திருப்பவர் எங்கிருந்து வருகிறார் என்பதையும் இயங்குதளம் சொல்லிவிடுகிறது. பயிற்சிப் பாடங்களில் பெரும்பாலும் யாரும் தொடாமல் விடுவது இந்தத் தகவலைத்தான்.

அதைப் படிக்காமல் விட்டால் என்ன ஆகும்? விலை குறைந்த போன் வைத்திருக்கும் ஒருவர் ஏதோ ஒரு விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பெயர், பிறந்த தேதி, முகவரி எல்லாம் போட்டாகிவிட்டது. ஓடிபி வருகிறது. அதைப் பார்க்க மெசேஜுக்குப் போகிறார். போனில் மெமரி போதாமல், பின்னால் போன அந்தச் செயலியை ஆண்ட்ராய்டு நிறுத்திவிடுகிறது. ஆறு எண்களை மனசுக்குள் சொல்லிக்கொண்டே திரும்பி வந்தால், “வருக! தொடங்கலாமா?” என்கிறது முதல் திரை. சில செயலிகளில் இதைவிட மோசம். விட்ட இடத்துக்கே ஆண்ட்ராய்டு அவரைக் கொண்டுவந்து சேர்க்கும். ஆனால் தேவையான தகவல்களை லோகோ திரை மட்டுமே ஏற்றிவைக்கும்படி எழுதியிருப்பார்கள். அந்தத் திரை இப்போது ஓடவில்லை. தகவல் இல்லை, செயலி கிராஷ். எல்லாரும் தொடக்கத்திலிருந்துதான் வருவார்கள் என்று எழுதியவர் நம்பிவிட்டார். மெமரி தாராளமாக உள்ள அவருடைய போனில் அந்த நம்பிக்கை ஒருநாளும் பொய்த்திருக்காது.

விண்ணப்பத்தை நிரப்பியவரே செயலியை ஸ்வைப் செய்து மூடியிருந்தால் கதை வேறு. பழையது வேண்டாம் என்பது அவர் முடிவு. புதிதாகத் தொடங்குவதுதான் அங்கே மரியாதை. வங்கிச் செயலி கொஞ்ச நேரம் கழித்து மறுபடி பின் நம்பர் கேட்பதும் சரிதான். கேட்டு முடித்த பிறகு அவரை எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதுதான் கேள்வி. ஒவ்வொரு மேஜையிலும் “முதல்ல இருந்து சொல்லுங்க” என்று கேட்கும் அலுவலகத்தை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு அது அன்றைய முதல் கேள்வி. இந்தப் பக்கம் நிற்பவருக்கு அது நாலாவது முறை.

செயலியைக் கட்டியவருக்கு முதல் திரை தொடக்கம். திறப்பவரோ தான் ஏற்கெனவே ஆரம்பித்துவிட்ட ஒரு காரியத்தின் நடுவில் இருக்கிறார். பணம் அனுப்ப வேண்டும், ரயில் எங்கே வருகிறது என்று தெரிய வேண்டும், ஒரு படிவத்தை முடிக்க வேண்டும். செயலிக்காக அவர் வரவில்லை. நம்மிடம் வருகிற மனிதர்கள் எல்லாருமே இப்படி நடுவழியில்தான் வருகிறார்கள். அதை மறக்கிறவர் எவ்வளவு அழகாகத் தொடங்கினாலும், எதிரே இருப்பவருக்கு அது குறுக்கீடுதான்.

செயலி எழுதுகிறவர்களுக்கு ஒன்று சொல்லலாம். ஆண்ட்ராய்டு போனின் டெவலப்பர் ஆப்ஷன்ஸில் பின்னணியில் எந்தச் செயலியும் ஓடாதபடி கட்டுப்படுத்த ஒரு வசதி இருக்கிறது. அதைப் போட்டுவிட்டு, உங்கள் செயலியில் ஒரு படிவத்தைப் பாதிவரை நிரப்பி, வேறு இரண்டு செயலிகளைத் திறந்து பார்த்துவிட்டுத் திரும்பி வாருங்கள். வந்ததும் என்ன தெரிகிறதோ அதுதான் உங்கள் உண்மையான முதல் திரை. அதை அமைக்கும் அதிகாரம் உங்களுடையது. எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவர் வருகிறவர்.