காலணியின் விலை

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டும் ஒரு தாய் என்னைக் கேட்டாள்: "வளர்ற காலுக்கு வருஷா வருஷம் பூட்ஸ் அவசியமுங்களா, ஐயா?" அரசுப் பள்ளியில் காலணி விலையின்றிக் கிடைக்கிறது, அவள் மகன் படிப்பதோ கட்டணப் பள்ளி.

வெறுங்காலுடன் படித்த என் பெருமையைச் சொல்ல வாயெடுத்தேன், அடக்கிக்கொண்டேன். வெறுங்காலின் தோலைத் துளைத்துத்தான் கொக்கிப்புழு உள்ளே புகுந்து இரத்தத்தை உறிஞ்சுகிறது. சிலர் செருப்பணிந்து தெருவில் நடக்கலாகாது என்று தடுத்த சமூகம் நம்முடையது. ஆகவே, காலுக்குக் காப்பும் மனிதனுக்கு மானமும் என்ன விலையானாலும் தகும்.

ஆனால் வெயிலில் வேகும் இவ்வூரில் அதற்கு நல்ல செருப்பு போதாதா? மூடிய பூட்ஸும் பாலிஷும் பள்ளிக்கூடத்தின் பகட்டுக்கே.

"வாங்கிக் கொடுத்துவிடுங்கள், அம்மா" என்றேன். இல்லையேல் பிள்ளையல்லவா வாசலில் நிற்பான்! அவள் கொடுப்பது காலணியின் விலையல்ல. நம் வீண்பெருமைக்கு அவள் கட்டும் அபராதம்.