ஔடத தானமும் உடற்கொடையும்

பள்ளிப் பாடநூல்களில் 'வளர்சிதை மாற்றம்' என்றொரு சொல் உண்டு. உண்ட உணவு உடலாக வளர்வதையும், அவ்வுடற்பொருள் சிதைந்து ஆற்றலாவதையும் ஒரே சொல்லில் அடக்கிக் காட்டும் அழகிய ஆக்கம் அது. பொருள் என்பது தோற்றமும் கேடும் நிலைபேறும் ஒருங்கே உடையது என்று கற்ற சமணர்க்கு இச்சொல் அயலாகத் தோன்றாது. 1930-களில் ஜெர்மனியை விட்டு வெளியேறி நியூயார்க்கில் பணியாற்றிய ருடால்ஃப் ஷோன்ஹைமர் என்னும் அறிஞர், அடையாளமிட்ட அணுக்களை உணவிற் சேர்த்து, உடலின் கொழுப்பும் புரதமும் ஓயாது கரைந்து புதுப்பிக்கப்படுகின்றன என்று நிறுவினார். (எலிகளைக் கொண்டு செய்த ஆய்வு அது என்பதையும் நம் வாசகர்கள் அறிதல் வேண்டும்.)

ஆனால் பள்ளியில் இப்பாடம் எங்கே முடிகிறது? சிறுகுடலில் உணவு உறிஞ்சப்படுகிறது என்னும் வரியோடு முடிகிறது. பள்ளியிலும் ஆசிரியர் பயிற்சி நிறுவனத்திலும் நெடுங்காலம் இதனை நடத்திய நம்மிடம், அதன்பின் என்ன ஆகிறது என்று மாணவியர் கேட்டதுமில்லை, வினாத்தாள் கேட்டதுமில்லை.

அதன்பின் நிகழ்வதே பலருடைய வாழ்நாளை முடிவு செய்கிறது. குருதியிற் கலந்த சர்க்கரை, கணையம் சுரக்கும் இன்சுலினின் துணையால் உயிரணுக்களுள் நுழைய வேண்டும். இன்சுலின் குறைந்தாலும், அதற்கு உடல் இணங்க மறுத்தாலும், சர்க்கரை குருதியிலேயே தேங்கி நுண்ணிய குழாய்களைப் பழுதாக்கும். நம் சிறுநீரகம் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 10 இலட்சம் வடிகட்டிகள் உள்ளன. இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து நாளொன்றுக்கு 180 லிட்டர் அளவு நீர்மத்தை வடித்து, ஒன்றரை லிட்டர் போக மற்றவற்றை உடலுக்கே திருப்பித் தருகின்றன. அவை பழுதாகத் தொடங்கும்போது ஆல்புமின் என்னும் புரதம் சிறுநீரில் சிறிது கசியும். வலி இராது, வீக்கம் இராது. பத்து, பதினைந்து ஆண்டுகள் இப்படியே கழியலாம். கிரியாட்டினின் அளவு ஏறிவிட்டது என்று அறிக்கை வரும்போது சிறுநீரகத்தின் ஆற்றலில் பாதியளவு போயிருக்கும். முற்றும் செயலிழந்தபின் எஞ்சும் வழிகள் இரண்டே: இயந்திரத்தால் குருதியைத் தூய்மை செய்தல், அல்லது பிறர் சிறுநீரகத்தைப் பெறுதல்.

இவ்விரண்டாம் வழியைத் தமிழகத்தின் சிற்றூர்களெல்லாம் அறியச் செய்தது 1984-ஆம் ஆண்டு. சர்க்கரை நோயுடையவராய் இருந்த அன்றைய முதலமைச்சர் எம்.ஜி.ஆர்., சிறுநீரகங்கள் செயலிழந்த நிலையில் அக்டோபர் 5-ஆம் நாள் சென்னை அப்பல்லோ மருத்துவமனையிற் சேர்க்கப்பட்டார், பக்கவாதமும் தாக்கியது. நவம்பர் 5 அன்று விமானத்தில் நியூயார்க்குக்குக் கொண்டு செல்லப்பட்டார். அங்கே புரூக்ளின் பகுதியிலுள்ள டவுன்ஸ்டேட் மருத்துவ நிலையத்தில், சர்க்கரையாற் கெடும் சிறுநீரகத்தைப் பற்றி நெடுங்காலம் ஆராய்ந்த ஈலை ஃபிரீட்மன் என்னும் மருத்துவர் இருந்தார். டிசம்பர் 19 அன்று அண்ணன் மகளின் சிறுநீரகம் முதல்வருக்குப் பொருத்தப்பெற்றது. ஐந்து நாள்களுக்குப்பின் நடந்த தேர்தலில், அப்போது மதுரை மாவட்டத்தைச் சேர்ந்திருந்த ஆண்டிபட்டித் தொகுதி, வாக்குக் கேட்டு ஒருமுறையும் வர இயலாத அவரையே தேர்ந்தெடுத்தது. அந்நாள்களில் திரையரங்குகளில் 'ஒளிவிளக்கு' படத்தின் வேண்டுதற் பாடல் ஒலித்ததையும், மருத்துவமனையில் அவர் இருந்த காட்சிகள் ஊர் ஊராக ஒளிநாடாவில் காட்டப்பட்டதையும் மதுரைச் சீமையில் மூத்தோர் மறந்திரார். 1985 பிப்ரவரி 4 அன்று அவர் தாயகம் திரும்பினார். 1987 டிசம்பர் 24 வரை வாழ்ந்தார்.

அவருடைய அரசியல் ஈண்டு நமக்கு வேண்டுவதன்று. அன்று எங்கள் ஆசிரியர் அறையில் எழுந்த வழக்கே வேண்டுவது. ஆண்டிபட்டிப் பக்கத்துக் கூலியாளுக்கு இதே நோய் வந்தால் அவர் எந்த விமானத்தில் ஏறுவார் என்று சிலர் கேட்டனர். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1971-லேயே சிறுநீரக மாற்று வெற்றிகரமாக நடந்திருக்க, கடல் கடப்பானேன் என்றும் வினவினர். உயிர் காக்க எவ்வளவு தொலைவும் செல்லலாம் என்றனர் மற்றவர்.

வாழ விரும்புதல் குற்றமாகாது என்பதே நம் கருத்து. எவ்வுயிரும் வாழவே விழைகிறது என்னும் உணர்விலன்றோ அகிம்சை அறமே எழுந்தது? இல்லறத்தார்க்கு உரைத்த நால்வகைத் தானங்களுள் ஔடத தானமும் ஒன்று. ஈவார்க்கு அறமாவது ஏற்பார்க்குப் பழியாதல் எங்ஙனம்? மருந்துக்கு நாட்டெல்லையும் இல்லை. குருதி தூய்மை செய்யும் இயந்திரத்தை ஆலந்து நாட்டு மருத்துவர் வில்லெம் கோல்ஃப், தம் நாடு பகைவர் பிடியிலிருந்த 1943-இல் உருவாக்கினார். போர் முடிந்தபின், தாம் செய்த இயந்திரங்களைப் பிறநாட்டு மருத்துவமனைகளுக்கு விலையின்றி வழங்கினார். கூலியாளைப் பற்றிய கேள்வி நேர்மையானதுதான். எனினும் ஒருவர் விமானம் ஏறாதிருந்தால் மற்றவர் பிழைத்திருப்பார் என்று கொள்வதற்கில்லை.

நம்மை உறுத்துவது வேறொன்று. அறுவை எந்த நாட்டில் நடந்தால் என்ன? அந்தச் சிறுநீரகம் யாருடைய உடலிலிருந்து, எம்முறையில் வந்தது? 1980-களில் சைக்ளோஸ்போரின் என்னும் மருந்து பரவியபின், உறவினரல்லாதார் சிறுநீரகத்தையும் உடல் ஏற்குமாறு செய்தல் எளிதாயிற்று. உடனே சந்தையும் முளைத்தது. நம்மவர் மருத்துவம் தேடி வெளிநாடு சென்ற அதே காலத்தில், வெளிநாட்டார் சிறுநீரகம் தேடிச் சென்னைக்கு வந்தனர். கடன்பட்ட ஏழையர் பலர் சிறுநீரகம் விற்றதனால் வில்லிவாக்கத்திற்குக் 'கிட்னிவாக்கம்' என்றே பெயர் விழுந்தது. 1994-ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் விற்பனையைத் தடை செய்து, நெருங்கிய உறவினர் இன்னார் என்று வரையறுத்தது. அப்பட்டியலில் அண்ணன் மகள் இல்லை என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

சந்தையைச் சட்டம் தடுக்கலாம். வீட்டிற்குள் நிகழ்வதை எது தடுக்கும்? நம் நாட்டில் உயிருடன் சிறுநீரகம் ஈவோரிற் பெரும்பாலோர் பெண்டிர். பெறுவோரிற் பெரும்பாலோர் ஆடவர். மனைவி தருகிறாள், தாய் தருகிறாள். அன்பினால் தருகிறார்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் 'தர இயலாது' என்று சொல்லும் உரிமை அவர்களுக்கு இருந்ததா என்று யாரேனும் தனியே கேட்டனரா?

மதுரையில் வணிகம் செய்யும் நம் அன்பர் ஒருவருக்கு அண்மையில் இந்நிலை வந்தது. இருபதாண்டுச் சர்க்கரை. அமெரிக்காவிலுள்ள மூத்த மகன், தந்தையை அங்கே அழைத்துச்சென்று பெரிய மருத்துவரிடம் காட்ட முனைந்தார். இளைய மகன், இப்போது மதுரையிலேயே சிறுநீரக மாற்று நடக்கிறதே என்றார். அன்பருடைய கவலையோ வேறு. மனைவியின் உடலைக் கீறிப் பெறுவது ஹிம்சை ஆகாதா என்று நம்மிடம் கேட்டார். அம்மையார் நம்மிடம் பயின்றவர்.

கவனமின்மையால் பிற உயிருக்கு இழைக்கும் ஊறே ஹிம்சை என்கிறது நம் சாத்திரம். அக்கவனமின்மைக்குப் பிரமாதம் என்று பெயர். (இன்று நற்பாடகரைப் பாராட்டப் பயன்படும் சொல்லாக அது மாறிவிட்டது விந்தைதான்!) தமிழில் பொச்சாப்பு எனலாம். அறிந்து, மனம் உவந்து, மறுக்கவும் உரிமையோடு ஒருவர் தருவதை ஏற்பதில் ஹிம்சை இல்லை. அதற்கு முன்சென்ற பதினைந்து ஆண்டுகளைத்தான் நாம் எண்ணிப் பார்க்க வேண்டியுள்ளது. ஆல்புமின் கசிந்த காலத்தில் ஒரு சிறு சோதனை செய்திருந்தால், மருந்தாலும் உணவொழுங்காலும் கேட்டினை வெகுவாகத் தள்ளிப் போட்டிருக்கலாம். அன்று காட்டிய சோர்வு, இன்று வேறொருவர் விலாவில் கத்தியாக இறங்குகிறது. சோதனை என்றொன்று உண்டென்றே அறியாத கூலியாளைப் பொச்சாப்புடையார் எனல் தகாது. அறிந்தும் அவருக்குச் சொல்லாத நமக்கே அது பொருந்தும்.

2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இவ்வகையிற் பெரிய ஔடத தானமே. சர்க்கரைக்கும் குருதியழுத்தத்திற்கும் உரிய மாத்திரைகள் அதன்வழி வீடு தேடி வருகின்றன. 2023-இல் வெளியான பெரிய ஆய்வொன்று, நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோர் சர்க்கரை நோயுடையார் என்று கணித்தது. புலால் உண்ணாமையால் நமக்கு வாராது என்றிருப்போர் நம் இல்லங்களிற் பலர். சோறும் நெய்யும் இனிப்பும் புலால் அல்ல. சர்க்கரை நோய்க்கு அவ்வேறுபாடு தெரியாது. நோன்பு நாள்களிலும், கதிரவன் மறைந்தபின் உண்ணா விரதத்திலும், இன்சுலின் போடுவோர் மருத்துவரைக் கேளாமல் அளவைத் தாமே மாற்றிக் கொள்வது உயிருக்கே ஊறாகும். நோன்பு உயிரை வருத்தும் பொருட்டு வகுக்கப்பட்டதன்று.

அன்பரின் கேள்விக்கு விடை சொல்ல வேண்டியவர் நாமல்லர், அம்மையாரே என்று கூறி, கணவரும் மக்களும் இல்லாத பொழுதில் அவருடன் பேசினோம். 'தருகிறேன் டீச்சர், யாரும் வற்புறுத்தவில்லை' என்றார். வெளிநாடு வேண்டா, மதுரையிலேயே செய்யலாம் என்பதும் அவர் முடிவே. ஒன்று மட்டும் கேட்டார். இரு மகன்களும் சர்க்கரைக்கும் ஆல்புமினுக்கும் சோதனை செய்து அறிக்கையை அனுப்பிய பின்னரே தாம் கையொப்பம் இடுவதாகச் சொன்னார். சென்ற வாரம் இரண்டும் வந்து சேர்ந்தன. இளையவருக்குக் குறையொன்றுமில்லை. அமெரிக்காவிலுள்ளவர் நாற்பது வயதும் நிரம்பாதவர்; அவருடைய சிறுநீரில் ஆல்புமின் கசிவு தொடங்கியிருக்கிறது.