வலியும் ஓர் உறுப்பே

மார்க்கெட்டில் மீன் வாங்கும் தாய்மார்கள் முதலில் செய்வது செவுளைத் தூக்கிப் பார்ப்பதுதான். உள்ளே செக்கச் செவேலென்று இருந்தால் புது மீன். வெளுத்துப் பழுப்பேறியிருந்தால் பழைய சரக்கு. விலை அங்கேதான் தீர்மானமாகிறது. அந்தச் சிவப்பு அங்கே ஏன் வந்தது என்று கேட்போர் சொற்பம்.

அதே செவுளைப் பற்றி நமது பிள்ளைகள் அறிவியல் பாடத்தில் படிக்கிறார்கள். மீன் நீருக்குள் சுவாசித்து உயிர் வாழச் செவுள் உதவுகிறது என்று எழுதினால் மதிப்பெண் கிடைக்கிறது. வாத்துக்குச் சவ்வுக் கால், ஆமைக்கு ஓடு, முள்ளம்பன்றிக்கு முள், ஒட்டகத்துக்குத் திமில் என்று பட்டியல் நீளுகிறது. (திமிலுக்குள் தண்ணீர் இருப்பதாக இன்னமும் சொல்லித் தருவோர் உண்டு. அது கொழுப்பு.) எல்லா விடைகளும் ஒரே மாதிரி முடிகின்றன: "உயிர் வாழ உதவுகிறது." இந்த விடையில் குறை காண்பதற்கில்லை. ஆயினும் இந்தப் பட்டியலில் ஒரு முக்கியமான பொருள் விடுபட்டுப் போகிறது என்பதும், அது விடுபடுவதால் பிள்ளைகள் பிராணிகளிடம் நடந்து கொள்ளும் முறையே மாறிவிடுகிறது என்பதும் என் எண்ணம். பலசரக்குக் கடைக்காரனுக்கு இந்த ஆராய்ச்சி எதற்கு என்று சிலர் கேட்கலாம். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கும் வேலை உபாத்தியாயரோடு முடிவதில்லையே!

முதலில் செவுளையே எடுத்துக் கொள்வோம். ஒரு லிட்டர் காற்றில் 200 மில்லிலிட்டருக்கு மேல் பிராணவாயு உண்டு. நமது நாட்டுச் சூட்டில் ஒரு லிட்டர் கடல்நீரில் 10 மில்லிலிட்டர்கூடத் தேறாது. அவ்வளவு சொற்பமான முதலை வைத்துக்கொண்டு மீன் குடும்பம் நடத்துகிறது. எப்படி? செவுளில் மெல்லிய இழைகள் அடுக்கடுக்காக உள்ளன. அவற்றின் உள்ளே இரத்தம் ஒரு திசையில் ஓட, வெளியே நீர் அதற்கு எதிர்த் திசையில் ஓடுகிறது. இரத்தம் போகும் வழி நெடுகிலும் தன்னைவிடச் சற்று அதிகப் பிராணவாயு உள்ள நீரையே அது சந்தித்துக் கொண்டிருக்கும். ஆகவே கடைசி வரை கொள்முதல் நடக்கிறது. மார்க்கெட்டில் நாம் பார்க்கும் சிவப்பு இந்த இரத்தந்தான். மீனைத் தண்ணீரை விட்டு வெளியே எடுத்துப் போட்டால், சுற்றிலும் பிராணவாயு மிகுதியாய் இருந்தும் அது மூச்சுத் திணறிச் சாகிறது. தாங்கிப் பிடிக்க நீர் இல்லாமல் அந்த இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதே காரணம்.

ஆட்டைப் பாருங்கள். நமது வீட்டுச் சமையலறையில் அதன் குடலும் ஈரலும் புதியவை அல்ல. இரைப்பையைக் கழுவும்போது ஓரிடம் துவாலைபோல் சொரசொரப்பாகவும், ஓரிடம் தேன்கூடு போலவும், ஓரிடம் புத்தக ஏடுகள் போலவும் இருப்பதை நம் பெண்கள் நன்கு அறிவர். நான்கு அறை கொண்ட அந்த இரைப்பையால் ஆடு திறந்த வெளியில் அவசரமாகப் புல்லை விழுங்கிக்கொண்டு, பிறகு பத்திரமான இடத்தில் ஒதுங்கி அசை போட முடிகிறது. புல்லின் நாரைச் செரிக்கும் வேலையை முதல் அறையில் வாழும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் செய்கின்றன. ஆட்டின் கண்மணியோ படுக்கைக் கோடுபோல் நீண்டிருக்கிறது. அது தலை குனிந்து மேயும்போதும் அந்தக் கோடு தரைக்கு இணையாகவே நிற்கும்படி விழிகள் 50 பாகைக்கு மேல் சுழன்று கொடுக்கின்றன என்று 2015-ல் அமெரிக்க, ஆங்கிலேய ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். வாய் மேய்கிறது, கண் காவல் காக்கிறது.

யாருக்காகக் காவல்? இங்கேதான் சிந்திக்க வேண்டிய விஷயம் வருகிறது.

1637-ல் டெக்கார்ட் என்னும் பிரெஞ்சுத் தத்துவஞானி, பிராணிகளின் செயல்களைக் கடிகாரத்தின் இயக்கத்துக்கு ஒப்பிட்டு எழுதினார். சக்கரமும் வில்லும் சேர்ந்து கடிகாரம் ஓடுவதுபோல, உறுப்புகளின் அமைப்பால் பிராணி இயங்குகிறது என்பது அவர் கருத்து. உறுப்புகளின் வேலையை மட்டும் மனப்பாடம் செய்யும் பிள்ளையும் ஏறக்குறைய இதே முடிவுக்குத்தான் வந்து சேரும். ஆனால் கடிகாரத்தின் சக்கரம் கடிகாரத்துக்கு உதவுவதில்லை. அது மணி காட்டுவது அதை வாங்கியவருக்கு. ஆட்டின் கண்ணோ ஆட்டுக்கு உதவுகிறது. நாம் அதை விலைக்கு வாங்கினாலும் அந்தக் கண் நமக்காக வேலை செய்வதில்லை. "பிராணி உயிர் வாழ உதவுகிறது" என்ற பாடப்புத்தக வாக்கியத்திலேயே இந்த வித்தியாசம் அடங்கியிருக்கிறது. தன்னைக் காப்பாற்றிக் கொள்வதில் அந்தப் பிராணிக்கு ஓர் அக்கறை இருக்கிறது என்பதை அந்த வாக்கியம் ஒப்புக்கொள்கிறது. அந்த அக்கறையை அதற்கு உணர்த்துவது எது? வலி.

நான் சொன்ன விடுபட்ட பொருள் இதுதான். வலியை ஒரு கேடு என்றே நினைத்துப் பழகிவிட்டோம். உண்மையில் அது இருதயத்தையும் நுரையீரலையும் போன்ற ஒரு காவல் ஏற்பாடு. தோலிலும் வாயிலும் மூட்டுகளிலும் தனி நரம்பு முனைகள் இருந்து, சூடோ வெட்டோ நசுக்கலோ நேர்ந்தால் மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. இது இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு மனிதரிலேயே சாட்சி உண்டு. பிறவியிலேயே வலி அறியாத சிலர் இருக்கிறார்கள். அத்தகைய குழந்தைகள் தம் நாக்கைத் தாமே கடித்துக் குதறிக்கொள்ளும். எலும்பு முறிந்தாலும் ஓடியாடிக் கொண்டிருக்கும். பாகிஸ்தானின் வடபகுதியைச் சேர்ந்த ஒரு சிறுவனைப் பற்றி 2006-ல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். அவன் தெருவில் வேடிக்கை காட்டிப் பிழைத்தவன். கையில் கத்தியைச் செருகிக் காட்டுவான், தணலில் நடப்பான், வலியே கிடையாது. பதினான்கு வயதை எட்டும் தறுவாயில் வீட்டுக் கூரையிலிருந்து குதித்து இறந்து போனான். வலி என்ற காவலாளி இல்லாத உடம்பு எத்தனை நாள் தாங்கும்?

அப்படியானால், உயிர் வாழ உதவும் உறுப்புகளைக் கற்பிக்கும்போது வலியை மட்டும் ஏன் ஒதுக்கி வைக்க வேண்டும்? செவுளும் திமிலும் முள்ளும் பிழைப்புக்கு உதவும் என்று சொல்லிக் கொடுத்துவிட்டு, மீனுக்கு வலிக்குமா என்று பிள்ளை கேட்டால், "அதெல்லாம் ஒன்றும் இல்லை, சாப்பிடு" என்று நாம் வாயை அடைக்கிறோம். முதற்பாடத்தை ஒப்புக்கொண்டவர் இரண்டாவதை இவ்வளவு எளிதில் தள்ளிவிட முடியாது.

இதற்கு அறிஞர்கள் தரப்பில் ஒரு மறுப்பு உண்டு. அதையும் சொல்லியாக வேண்டும். அடிபட்டவுடன் விலகுவது வலியுணர்ச்சிக்குச் சாட்சியாகாது என்பார்கள். தலை துண்டிக்கப்பட்ட தவளையின் தோலில் அமிலத் துளி பட்டால் அதன் பின்னங்கால் வந்து அதைத் துடைத்துவிடும். தலையே இல்லாத இடத்தில் வலி எங்கே? தண்டுவடம் தானாகவே செய்யும் காரியம் அது. நியாயமான மறுப்புத்தான். ஆகவே ஆய்வாளர்கள் விலகலைத் தாண்டி வேறு அடையாளங்களைத் தேடினார்கள். ஸ்காட்லாந்தில் ஆய்வு செய்து 2003-ல் வெளியிட்ட செய்தி இது: டிரவுட் என்னும் மீனின் வாய்ப்புறத்தில் வலியை உணரத்தக்க நரம்பு முனைகள் உள்ளன. உதட்டில் அமிலம் செலுத்தப்பட்ட மீன்கள் வேகமாக மூச்சு வாங்கின. நெடுநேரம் இரை தொடவில்லை. உதட்டைக் கூழாங்கல்லில் தேய்த்தன. மார்பின் மருந்து கொடுத்ததும் அந்தத் தேய்ப்புக் குறைந்தது. இதையும் ஏற்காத அறிஞர்கள் இருக்கிறார்கள். விவாதம் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

என் மனத்தில் தைத்தது இன்னொரு சோதனை. கடற்கரையில் காலிச் சங்குக்குள் குடியிருக்கும் துறவி நண்டை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். 2009-ல் அயர்லாந்துத் தீவின் பெல்பாஸ்ட் நகர ஆய்வாளர்கள் அந்த நண்டுக்கு ஓட்டுக்குள்ளேயே சிறிய மின்னதிர்ச்சி கொடுத்துப் பார்த்தார்கள். தனக்குப் பிடிக்காத வகை ஓட்டில் இருந்த நண்டு எளிதில் வெளியேறியது. பிடித்தமான ஓட்டில் இருந்த நண்டோ அவ்வளவு சுலபத்தில் இடத்தை விடவில்லை. தானாக நிகழும் துள்ளலாயிருந்தால் ஓட்டின் தரத்தைப் பார்த்தா துள்ளும்? இந்தக் கஷ்டத்துக்கு இந்த வீடு தகுமா என்று அது எடை போடுகிறது. கடை வைத்திருப்பவனுக்கு இது நன்றாகப் புரியும். வாடகையை உயர்த்தினால் மோசமான இடத்தில் இருப்பவன் உடனே காலி செய்வான். முச்சந்திக் கடையில் இருப்பவன் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பான்.

இப்படிப்பட்ட சாட்சியங்களை வைத்துச் சில நாடுகள் சட்டமே செய்துவிட்டன. 2018-ல் சுவிட்சர்லாந்து, சிங்கி இறாலை உணர்விழக்கச் செய்யாமல் கொதிநீரில் போடுவதைத் தடை செய்தது. பிரிட்டனின் 2022-ஆம் ஆண்டுச் சட்டம் நண்டு, இறால், கணவாய் ஆகியவற்றையும் உணர்வுள்ள பிராணிகளின் கணக்கில் சேர்த்தது. மலேசியாவிலும் 2015-ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம் இருக்கிறது. சட்டம் இருக்கட்டும். வகுப்பறையில் கற்ற உறுப்புப் பாடமே ஒழுங்கைக் கற்பித்துவிடும் என்பதற்குக் கோழி நல்ல உதாரணம்.

மனிதனுக்கு மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே உதரவிதானம் என்ற தசைத் திரை உண்டு. அது இறங்கி ஏறுவதால் மூச்சு விடுகிறோம். கோழிக்கு அந்தத் திரை கிடையாது. அதன் நுரையீரலோடு காற்றுப் பைகள் பல இணைந்துள்ளன. நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் அவற்றில் காற்றுப் போய் வரும். ஆகவே கோழிக்குஞ்சை ஆசையோடு இறுக்கிப் பிடிக்கும் குழந்தை, அதன் மூக்கைத் தொடாமலே மூச்சை நிறுத்திவிடக் கூடும். கோழியைக் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட்டுக் கொண்டு போகிறார்களே, அப்போது குடலும் ஈரலும் அந்தக் காற்றுப் பைகளின்மேல் சரிந்து அழுத்துகின்றன. பறவையின் சுவாச மண்டலத்தைப் படம் வரைந்து பாகம் குறிக்கத் தெரிந்த மாணவன், அடுத்த நாள் கோழியை அப்படித் தூக்கினால் அவன் படித்தது என்ன?

ஓதும் பள்ளியில் நமக்கு ஒன்று சொல்லித் தந்தார்கள். அறுப்பவர் கத்தியை நன்றாகத் தீட்டிக்கொள்ள வேண்டும்; ஆனால் பிராணியின் கண்ணெதிரே தீட்டலாகாது. ஆட்டின் கண் எவ்வளவு அகலமாகப் பார்க்கிறது என்று தெரிந்தவனுக்கு இந்த விதியின் அருமை கூடுதலாகவே விளங்கும்.

"இவற்றையெல்லாம் சொன்னால் பிள்ளைகள் மீனையும் இறைச்சியையும் தொட மாட்டார்கள்" என்று அஞ்சும் பெற்றோர் உண்டு. உண்பதை விடும்படி நான் சொல்லவில்லை, நான் உண்கிறேன். உண்ணலாம் என்பது வேறு; எப்படியும் நடத்தலாம் என்பது வேறு. பிள்ளைகளுக்கு இந்த வித்தியாசம் நாம் நினைப்பதைவிடச் சீக்கிரம் விளங்குகிறது.

கற்பிக்கும் முறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. இருதயத்தின் வலப்பக்க இரத்தம் நடுச்சுவரைத் துளைத்துக்கொண்டு இடப்பக்கம் போவதில்லை, நுரையீரல் வழியாகவே போகிறது என்று 1242-ல் எழுதியவர் இப்னு நபீஸ். மார்க்கச் சட்டமும் தம் இரக்க குணமும் உடலை அறுத்துப் பார்ப்பதிலிருந்து தம்மைத் தடுத்ததாக அவரே குறிப்பிட்டிருக்கிறார். அதே நூலில் முன்னோர் கூற்றை அறுவை ஆய்வு பொய்யாக்குகிறது என்றும் எழுதியிருப்பதால், அவர் அறுத்துப் பார்த்தாரா இல்லையா என்று இன்றும் தர்க்கம் நடக்கிறது. லண்டனில் 1664-ல் ராபர்ட் ஹூக் என்பவர் உயிருள்ள நாயின் மார்பைத் திறந்து, துருத்தியால் காற்று ஊதி அதை ஒரு மணி நேரத்துக்கு மேல் உயிரோடு வைத்திருந்தார். அது பட்ட வேதனையைக் கண்டு, இனி இதைச் செய்ய மனம் வராது என்று நண்பருக்கு எழுதினார். ஆனால் மூன்று ஆண்டு கழித்து மீண்டும் செய்தார். உயிரைக் காப்பது நுரையீரலின் அசைவன்று, புதுக் காற்றே என்பது அதனால் தெளிவாயிற்று. நம் பிள்ளைகளின் புத்தகத்தில் ஒரே வரியாக இருக்கும் செய்திக்கு அந்த நாய் கொடுத்த விலை அது. ஒருமுறை கொடுத்தாகிவிட்ட விலையை ஒவ்வொரு வகுப்பும் மறுபடி வசூலிக்க வேண்டியதில்லை. சமையலுக்கு வாங்கிய மீனின் செவுளை மேசையில் வைத்துக் காட்டலாம். உயிருள்ளதைப் பார்க்க வேண்டுமானால் சுங்கை பூலோவிலோ கோலசிலாங்கூரிலோ அலையாத்திக் காட்டோரம் பிள்ளைகளை நிறுத்தினால் போதும். செவுளறையில் நீரை அடக்கிக்கொண்டு, ஈரத் தோலாலும் மூச்சு வாங்கிக்கொண்டு சேற்றில் தத்தித் திரியும் மீன்களை யாரும் தொடாமலே காணலாம். ஆள் நிழல் பட்டதும் அவை பொந்துக்குள் பாய்வதையும் பார்க்கலாம்.

உபாத்தியாயர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. தேர்வுத்தாளில் "இந்த உறுப்பு இப்பிராணி உயிர் வாழ எப்படி உதவுகிறது?" என்ற கேள்விக்குக் கீழே, "அப்படியானால் இப்பிராணியை நாம் எப்படித் தூக்க வேண்டும், எப்படிக் கட்ட வேண்டும், எப்படி வைத்திருக்க வேண்டும்?" என்று இன்னொரு கேள்வியையும் சேர்த்துப் பாருங்கள். அதற்கு எத்தனை மதிப்பெண் என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.