மறக்கக்கூடிய சுமை

காலுக்கு இசைந்த செருப்பை அணிந்தவன் அதை மறந்து நடக்கிறான். கண்ணுக்குப் பொருந்திய மூக்குக்கண்ணாடியை அணிந்தவளோ, அது முகத்தில் இருக்கும்போதே வீடெங்கும் தேடுகிறாள். பயன்படு பொருள்களுள் நல்லது எது என்று கேட்டால், இருப்பதே தெரியாமல் இருந்து உதவுவதுதான் என்று சொல்லிவிடலாம். அன்றாட வாழ்வின் பெரும்பாலான பொருள்களுக்கு இவ்வளவுகோல் பொருந்தவும் செய்யும். ஆனால், ஓர் உயிரைப் பறிக்கும் ஆற்றல் படைத்த பொருளுக்கும் இதே அளவுகோலை வைக்கலாமா? உடலோடு ஒட்டிக் கிடந்தும் உடையவனால் மறக்கப்படுவது அப்பொருளுக்குச் சிறப்பா, இழுக்கா?

இவ்வினா கற்பனையில் பிறந்ததன்று. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பல இலட்சம் மக்கள் ஆடைக்குள் மறைத்துக்கொண்டு நடமாடும் சிறு கைத்துப்பாக்கியைப் பற்றியது அது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழும் வாசகர்க்கு இஃது ஏதோ வேற்றுலகச் செய்தி போலத் தோன்றக்கூடும். மலேசியாவின் 1971ஆம் ஆண்டுச் சட்டமும் சிங்கப்பூரின் 1973ஆம் ஆண்டுச் சட்டமும் சுடுகருவிக் குற்றங்களுக்கு மிகக் கடுமையான தண்டனைகளை வகுத்தன. படைப் பயிற்சியில் துப்பாக்கியைத் தொட்ட இளைஞன்கூட அதைப் படைமுகாமிலேயே ஒப்படைத்துவிட்டுத்தான் வீடு திரும்புகிறான். எனினும், அமெரிக்கன் ஒருவனின் இடுப்பில் கிடக்கும் அச்சிறு இரும்பு எழுப்பும் கேள்வி, இரும்போடு முடிந்துவிடுவதில்லை.

அவன் அதை முதன்முதலாகக் கடையில் கையில் வாங்கும் பொழுதைப் பார்க்கலாம். ரூகர் நிறுவனம் 2008ஆம் ஆண்டில் வெளியிட்ட எல்.சி.பி. என்னும் துப்பாக்கி இவ்வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு. தோட்டா இல்லாத நிலையில் அதன் எடை ஏறத்தாழ 270 கிராம். நன்கு பழுத்த மாம்பழம் ஒன்றைக் கையில் ஏந்தினாற்போல. நீளமோ 13 சென்டிமீட்டர். ஆறு தோட்டாக்கள் கொண்ட கூடு பிடிக்குள் அடங்கிவிடுகிறது. திரைப்படத்தில் கண்ட துப்பாக்கியின் கனத்தை எதிர்பார்த்து நீட்டிய கை, எதிர்பாராத இலேசினால் சற்றே மேலெழுந்துவிடுகிறது. “இவ்வளவுதானா!” என்பதே அவன் வாயில் வரும் முதற்சொல். அச்சொல்லில் வியப்பும் உண்டு. ஒருவகை ஆறுதலும் உண்டு. இவ்வளவு சிறியது பெருந்தீங்கு எதையும் செய்துவிடாது என்று மனம் தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறது போலும். விற்பவரும் அதே இலேசைத்தான் முதற்பெருமையாகச் சொல்கிறார். சட்டைக்குள் இருப்பதே தெரியாது என்கிறார்.

சுடுபயிற்சிக் கூடத்தில் அந்த முதல் எண்ணம் மாறிவிடுகிறது. எடை குறையக் குறையப் பின்னுதைப்பு மிகும் என்பது இயற்பியல் விதி. அதே தோட்டாவைக் கனத்த துப்பாக்கி தாங்கிக்கொள்ளும், இலேசான துப்பாக்கியோ அவ்வதிர்ச்சியைக் கையிடமே ஒப்படைத்துவிடும். பிடி குறுகியதாதலால் சுண்டுவிரலுக்கு இடமில்லை. குழல் குட்டையானது, குறிபார்க்கும் முனையோ ஒரு சிறு புடைப்பு. விசையை நெடுந்தொலைவு இழுத்தாக வேண்டும்; தவறுதலாக வெடிக்காதிருக்க அவ்வாறு அமைத்திருக்கிறார்கள். ஐம்பது தோட்டாக்கள் சுட்டு முடிப்பதற்குள் பெருவிரலின் அடி சிவந்துவிடுகிறது. பத்தடியில் தாளின் நடுவைத் துளைத்தவன் முப்பதடியில் தாளையே தவறவிடுகிறான். சுமப்பதற்கு மிக எளிய துப்பாக்கியே சுடுவதற்கு மிக அரியது என்னும் முரண் அவனுக்கு அன்று புரிகிறது. இத்தகைய துப்பாக்கி மிகுதியாகச் சுமக்கப்படும், குறைவாகச் சுடப்படும் என்று அதை வைத்திருப்போரே சொல்வதுண்டு. நகைச்சுவையாகச் சொன்னாலும் அதில் ஒரு கவலை மறைந்திருக்கிறது. நெரிசலான இடத்தில், நடுங்கும் கையோடு, பழக்கமில்லாத ஒருவன் அதை உருவினால், அருகில் நிற்கும் குற்றமற்றவர்க்கு யார் பொறுப்பு?

இனி, அவன் ஏன் அதை வாங்கினான் என்பதையும் நேர்மையோடு எண்ணிப் பார்க்க வேண்டும். வெளியே இருந்து பார்ப்போர், அச்சத்தைக் கோழைத்தனம் என்று சொல்லி ஒதுக்கிவிடுவது எளிது. 1999ஆம் ஆண்டில் கொலராடோ மாநிலத்தில், நீதிமன்றத்தின் தடையுத்தரவு பெற்றிருந்த ஒரு தாய், தன் மூன்று பெண்மக்களையும் கணவன் கொண்டுபோய்விட்டான் என்று காவல் துறையிடம் திரும்பத் திரும்ப முறையிட்டாள். அவர்கள் தேடிச் செல்லவில்லை. குழந்தைகள் மூவரும் கொல்லப்பட்டனர். அவள் தொடுத்த வழக்கில், தடையுத்தரவைக் காவலர் நிறைவேற்றியே ஆக வேண்டும் என்று கேட்கும் உரிமை அரசியலமைப்பின்படி அவளுக்கு இல்லை என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2005ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. இத்தகைய தீர்ப்பைப் படித்த ஒரு பெண், நள்ளிரவுப் பணி முடிந்து தனியே ஊர்தியை நோக்கி நடக்கும்போது கைப்பையில் ஒரு துப்பாக்கியை வைத்துக்கொண்டால், அவளைப் பழிக்க யாருக்கு வாய் வரும்? தன்னைக் காத்துக்கொள்ளுதல் உயிரின் இயல்பு. ஆகவே, சுமக்கலாமா கூடாதா என்னும் வினாவை ஒரே சொல்லில் தீர்த்துவிட முயல்வது வீண்.

சுமப்பது ஒருபுறம் இருக்க, மறைத்துச் சுமப்பது தனிக் கேள்வி. தமிழ் மரபு மறைந்த படைக்கலத்தை என்றும் வஞ்சகத்தின் உருவாகவே கண்டது. பகைவனின் கூப்பிய கைக்குள்ளும் படை ஒளிந்திருக்கும் என்று கூடா நட்பைப் பற்றிப் பேசுமிடத்தில் வள்ளுவர் எச்சரிக்கிறார். அடியவர் வேடத்தில் வந்த முத்தநாதன் சுவடிக் கட்டினுள் மறைத்துக் கொணர்ந்த கத்தியால்தான் மெய்ப்பொருள் நாயனார் குத்துண்டு வீழ்ந்தார். அமெரிக்கரும் ஒரு காலத்தில் இவ்வாறே எண்ணினர் என்பது பலருக்கு வியப்பூட்டலாம். கெண்டக்கி, லூசியானா ஆகிய மாநிலங்கள் 1813ஆம் ஆண்டிலேயே மறைத்துச் செல்லும் படைக்கலங்களைத் தடை செய்தன. வெளிப்படையாக அணிந்து செல்பவன் ஆண்மையுடையவன், ஒளித்துச் செல்பவனுக்கு வஞ்சகக் கொலைக்கு வாய்ப்புண்டு என்னும் கருத்து அக்கால நீதிமன்றங்களிலும் ஒலித்தது. ஹென்றி டெரிஞ்சர் என்னும் பிலடெல்பியாக் கொல்லர் செய்த உள்ளங்கையளவுத் துப்பாக்கி ஒன்றைத்தான், 1865ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் இரவு, வாஷிங்டன் நகரின் நாடக அரங்கிற்குள் ஜான் வில்க்ஸ் பூத் என்னும் நடிகன் கொண்டுசென்றான். அதில் இருந்தது ஒரே குண்டு. ஆபிரகாம் லிங்கனின் தலையின் பின்புறத்தில் அது பாய்ந்தது. டெரிஞ்சரின் பெயரோ எல்லாச் சிறு துப்பாக்கிகளுக்கும் பொதுப்பெயர் ஆகிவிட்டது. தம் கைத்தொழிலுக்கு இப்படியொரு புகழ் வரும் என்று எந்தக் கொல்லர்தாம் விரும்பியிருப்பார்?

பிற்காலத்தில் அந்நாட்டவரின் எண்ணம் தலைகீழாயிற்று. தகுதியுடையோர் கேட்டால் மறைத்துச் செல்லும் உரிமம் கொடுத்தே தீர வேண்டும் என்று ஃபுளோரிடா மாநிலம் 1987ஆம் ஆண்டில் சட்டம் செய்தது. பல மாநிலங்கள் அவ்வழியே சென்றன. தக்க காரணம் காட்டினால்தான் உரிமம் என்ற நியூயார்க்கின் பழைய விதியை 2022ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2024ஆம் ஆண்டுக்குள் 29 மாநிலங்களில் உரிமமே தேவையில்லை என்னும் நிலை வந்துவிட்டது. வெளியே தெரிய அணிந்து செல்வதே இப்போது பலருக்கு அநாகரிகமாகப் படுகிறது. குழந்தைகளோடு கடைக்கு வந்த தாய் அதைக் கண்டு அஞ்சக் கூடாது, ஆகவே மறைத்தல் ஒரு மரியாதை என்கிறார்கள். இதைப் பொய்யென்று தள்ள இயலாது. ஆனால், காப்பிக் கடையில் எதிரே அமர்ந்து ஏதோ ஒரு சிறு கருத்து வேறுபாட்டில் குரலை உயர்த்தும் நண்பன், அம்மேசையில் தங்கள் இருவரோடு மூன்றாவதாக ஒன்றும் அமர்ந்திருப்பதை அறியமாட்டான். அறிந்திருந்தால் அவன் அவ்வாறு பேசியிருப்பானா என்று கேட்பதற்கும் இடமுண்டு.

வாங்கிய முதற்சில வாரங்களில் உடையவன் அம்மூன்றாவதை ஒரு கணமும் மறப்பதில்லை. சட்டை விளிம்பைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறான். குனியும்போது முதுகுப்புறம் துருத்தித் தெரியுமோ என்று அஞ்சுகிறான். ஊரில் உள்ள அத்தனை கண்களும் தன் இடுப்பையே பார்ப்பதாக எண்ணுகிறான். இந்தக் கூச்சத்தினூடே ஒரு நன்மையும் விளைகிறது. சாலையில் முந்திச் சென்றவனைத் திட்டாமல் விடுகிறான். குடித்துவிட்டு வம்புக்கு வருபவனிடம் மன்னிப்புக் கேட்டு விலகுகிறான். தன்னிடம் அது இருப்பதாலேயே சண்டையை வளர்க்கக் கூடாது என்று உணர்கிறான். துப்பாக்கி சுமக்கத் தொடங்கிய பின் தாங்கள் முன்னைவிடப் பொறுமையுடையவர்களானதாகப் பலர் சொல்கிறார்கள். அச்சொல்லை ஐயுறக் காரணம் இல்லை. அந்தப் பொறுமையை ஊட்டுவது இரும்பு அன்று, இரும்பைப் பற்றிய நினைவு. நினைவு இருக்கும்வரை பொறுமையும் இருக்கும்.

ஆண்டுகள் செல்கின்றன. சட்டைப்பையின் பஞ்சுத் துகள் துப்பாக்கியின் சந்துகளில் படிகிறது. வியர்வையின் உப்பு ஓரங்களில் துருவாகிறது. போட்ட எண்ணெய் காய்ந்துவிடுகிறது. மாதம் ஒருமுறை துடைப்பேன் என்றவன் ஆண்டுக்கு ஒருமுறை துடைக்கிறான். அஞ்சலகத்திலும் பள்ளியிலும் தடையிருப்பதால் அங்கே செல்லும்போதெல்லாம் அதைக் கழற்றி ஊர்தியினுள் வைக்கிறான். முன்பு பூட்டி வைத்தவன், பின்பு இருக்கைக்கு அடியில் தள்ளிவிட்டுப் போகிறான். அவ்வாறு விடப்பட்டவை திருடர் கைக்குப் போவதும் அங்கே நடப்பதே. பயிற்சிக் கூடத்திற்குப் போய் எத்தனை திங்கள் ஆயின என்று கேட்டால் விரல்விட்டு எண்ணுகிறான். சாவி, பணப்பை, துப்பாக்கி என்று காலையில் மேசையிலிருந்து எடுக்கும் மூன்றுக்கும் ஒரே முகம் வந்துவிடுகிறது. அவன் தீயவனாகிவிடவில்லை. பழகிவிட்டான், அவ்வளவுதான். விற்றவர் சொன்ன சொல் பலித்துவிட்டது. அது இருப்பதே தெரியவில்லை.

இதற்குச் சான்று தேடி எங்கும் அலைய வேண்டியதில்லை. அமெரிக்க விமான நிலையங்களின் பாதுகாப்புச் சோதனையில் 2023ஆம் ஆண்டில் மட்டும் பயணிகளிடமிருந்து பிடிபட்ட துப்பாக்கிகள் 6,737. அவற்றுள் நூற்றுக்கு 93, தோட்டா இட்ட நிலையில் இருந்தன. விமானத்தைக் கடத்த வந்தவர்கள் அல்லர் அவர்கள். வணிகர்கள், தாத்தாக்கள், விடுமுறைக்குக் கிளம்பிய குடும்பத்தலைவிகள். ஏன் கொண்டுவந்தீர் என்ற கேள்விக்கு அவர்களுள் மிகப் பலர் தரும் விடை, பையில் இருப்பதையே மறந்துவிட்டதாகத்தான் இருக்கிறது. அதிகாரிகள் அதைச் சாக்குப்போக்கு என்று கருதலாம். உண்மையென்றே வைத்துக்கொண்டால் அச்சம் இன்னும் மிகுகிறது. ஒரு மனிதன் குடையை மறப்பதுபோல், பிறர் உயிரைப் பற்றிய ஒரு தீர்ப்பை மறந்து திரிகிறான் என்பதன்றோ அதன் பொருள்? மறைத்தல் என்பது எதிரே நிற்பவரை ஏமாற்றுவதைக் காட்டிலும், மறைப்பவனையே மெல்ல மெல்ல ஏமாற்றிவிடுகிறது. பிறர் கண்ணிலிருந்து ஒளித்ததைச் சில ஆண்டுகளில் தன் கண்ணிலிருந்தும் ஒளித்துவிடுகிறான்.

வீட்டிற்குள்ளும் அம்மறதி உடன்வருகிறது. அந்நாட்டில் 2021ஆம் ஆண்டில் துப்பாக்கியால் இறந்தோர் 48,830 பேர். அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டவர்கள். இருட்டில் வரப்போகும் அயலானை எண்ணி வாங்கியவன், வேலை இழந்த ஒரு மாலையில் மனமுடைந்து அமரப்போகும் தன்னையோ, பதினாறு வயது மகனையோ எண்ணி வாங்கவில்லை. அவ்வேளையில் அதைக் கைக்கு எட்டாமல் வைக்க யாரேனும் நினைத்திருந்தால் அவ்வுயிர்களுள் எத்தனையோ தப்பியிருக்கும். மன வேதனையின் உச்சம் பெரும்பாலும் நெடுநேரம் நிற்பதில்லை. கடந்து சென்றவர்கள் பின்னர் வாழவே விரும்புகிறார்கள்.

இதை உணர்ந்த சிலர், ஆண்டுகள் பலவற்றின் பின், வேண்டுமென்றே கனத்த துப்பாக்கிக்கு மாறுகிறார்கள். நன்றாகச் சுடலாம் என்பது அவர்கள் சொல்லும் காரணம். நாள் முழுதும் இடுப்பு வலிக்கும் என்பது அவர்கள் சொல்லாத இன்னொரு பயன். வேறு சிலர் வாழ்க்கை மாறியதும், ஊர் மாறியதும், தனிமை நீங்கியதும், இன்னும் இது தேவையா என்று தம்மைக் கேட்டு, பெட்டியில் பூட்டிவிடுகிறார்கள். இருவகையினரும் சிறுபான்மையினர் என்றே தோன்றுகிறது. மற்றவர்க்கு அக்கேள்வியைக் கேட்க ஒரு நாள் வேண்டும். உரிமம் கட்டாயமாக இருந்த காலத்தில், சில ஆண்டுகளுக்கு ஒருமுறையேனும் அதைப் புதுப்பிக்க அலுவலகத்திற்குப் போக வேண்டியிருந்தது. படிவத்தில் கையெழுத்திடும் அந்த ஒரு கணத்திலாவது, தான் சுமப்பது என்ன என்று அவன் நினைத்திருப்பான். உரிமம் வேண்டாம் என்றாகிவிட்ட மாநிலங்களில் அந்த நாளும் கட்டாயமாக வருவதில்லை.