எது அந்தக் கார்?

மாமல்லபுரத்து ஐந்து ரதங்கள் ஒருநாளும் ஓடியதில்லை. 7ஆம் நூற்றாண்டில் பல்லவச் சிற்பிகள் பாறையில் செதுக்கிய அவற்றில் கழற்றி மாட்ட ஒரு பாகமும் கிடையாது. மரத்தேர் அப்படியல்ல. சக்கரமா, அச்சா, நுகமா, இவற்றில் எது தேர் என்று மிலிந்த மன்னரை மடக்கினார் நாகசேனர் என்ற பௌத்தத் துறவி.

கடலோரத்தில் பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு அது ஏட்டுக் கேள்வி இல்லை. உப்புக்காற்று தகரத்தைத் தின்கிறது. கால்மிதி ரப்பரைத் தூக்கினால் துரு செதில் செதிலாக உதிர்கிறது. பாகம் பாகமாக மாற்றிக்கொண்டே போனால், மிஞ்சுவது அதே கார்தானா?

வண்டலூர்ப் பக்கம் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு காருக்குத் தனி சேஸிஸ், அதாவது அடிச்சட்டம். பாடியைப் பகுதி பகுதியாகக் கழற்றலாம். மட்கார்டோடு சேர்ந்து பானட் முழுதும் முன்னால் சாயும். குறுகிய தெருவிலும் சட்டென்று திரும்பும். ஆனால் உதிரிபாகத்துக்கு அலைய வேண்டும்.

அம்பாசிடருக்குத் தனி சேஸிஸ் இல்லை, பாடியே எலும்புக்கூடு. 1489 சிசி என்ஜின், பின்னால் பட்டை ஸ்பிரிங், குண்டுகுழிக்கு அஞ்சாத உடம்பு. 2014இல் உற்பத்தி நின்ற பிறகும் அதை அறிந்த மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். அன்றாட ஓட்டத்துக்கு அதுவே மேல்.

ஹெரால்டின் உயிர் சேஸிஸில் என்றால், அம்பாசிடரின் உயிர் எங்கே?

நம் கோயில்களில் இதற்கு அருமையான விடை உண்டு. திருப்பணியின்போது பாலாலயம் செய்து இறைசக்தியை வேறிடத்தில் எழுந்தருளச் செய்வார்கள். கல் மாறும், சுதை மாறும், சாமி மாறாது. ஆயுத பூஜையன்று பாதி புதிதாகிவிட்ட காருக்கும் அதே பழைய பெயரைச் சொல்லித்தான் சந்தனம் வைக்கிறார்கள்.