அடைத்தவர் கடன்

அறம் பற்றிய ஆராய்ச்சிகள் பெரும்பாலும் அரசுகளையும் போர்களையும் எடுத்துக்காட்டாகக் கொள்வன. ஆயின், அறத்தின் அடிப்படை வினாக்கள் வீட்டின் பின்வளவிலும் எழுவன. ஐந்தாறு கோழிகளை வளர்க்கும் ஒருவர் மழைக்காலம் தொடங்குமுன் கூட்டின் கூரையைச் செப்பனிடுகிறார். அவர் செய்வது தம் உடைமையைப் பேணுதலா? வாயில்லா உயிர்மேற் காட்டும் அருளா? அன்றித் தீர்த்தே ஆகவேண்டிய கடனா? செயல் ஒன்றாயினும் இம்மூன்றும் ஒன்றல்ல. உடைமை பேணாதவர் நட்டமடைவார். அருள் காட்டாதவர் புகழிழப்பார். கடன் தீர்க்காதவரோ குற்றவாளியாவார்.

மாத்தளை மாவட்டத்தின் யட்டவத்தப் பகுதியை இவ்வினாவுக்குரிய களமாகக் கொள்ளலாம். மிளகும் கராம்பும் பலாவும் தென்னையும் நெருங்கி வளரும் இம்மலைச்சரிவு ஊர்களில் பருவங்கள் கோழி வளர்ப்போரை ஓயவிடுவதில்லை. தை, மாசியின் பின் வரும் வறட்சியில் நிழலும் நீரும் வேண்டும். வியர்வைச் சுரப்பி இல்லாத கோழி வாய் திறந்து மூச்சிரைத்தே தன் வெப்பத்தைத் தணித்துக்கொள்கிறது. சித்திரையில் பிற்பகல் இடிமழை பெய்கிறது. வைகாசி முதல் தென்மேற்குக் காற்றும், ஐப்பசி, கார்த்திகையில் மீண்டும் இடிமழையும், மார்கழியில் வடகீழ்ப் பருவமழையும் தொடர்கின்றன. ஈரம் ஊறிய உமித் தளத்திலிருந்து எழும் அமோனியா வாயு கோழியின் கண்ணையும் மூச்சையும் வருத்துகிறது. அதே ஈரத்தில் குஞ்சுகளைக் கொல்லும் இரத்தக் கழிச்சல் பரவுகிறது. தீவனச் சோளத்தில் பூஞ்சை பிடித்து நஞ்சாகிறது. பொரித்த முதற் சில வாரங்களில் குஞ்சுக்குத் தன் உடற்சூட்டைத் தானே காக்க இயலாது. தாயின் சிறகு எட்டாதவிடத்து ஒரு மழை நனைவே அதற்குப் போதும்.

இவ்வூர்களுக்குக் கிழக்கே, நக்கிள்ஸ் மலைத்தொடரின் காடுகளில், இலங்கைக்கே உரிய காட்டுக்கோழி வாழ்கிறது. அதற்குக் கூடமைப்பார் யாருமிலர். அந்தி சாயுமுன் மரக்கிளையேறித் துயில்கிறது; மழையில் தனக்குத் தானே மறைவு தேடுகிறது. வீட்டுக்கோழியின் முன்னோரும் இத்தகையனவே. தென்கிழக்காசியக் காடுகளின் செங்காட்டுக்கோழி, ஏறத்தாழ 3,500 ஆண்டுகளுக்கு முன் மனிதன் விளைத்த தானியத்தை நாடி அவன் குடியிருப்பை அணுகியது என ஆய்வாளர் கருதுவர். அவ்வாறு வந்த பறவையை மனிதன் மரக்கிளையிலிருந்து இறக்கிக் கூட்டில் வைத்தான். மரநாயும் கீரியும் நெருங்காவண்ணம் கதவமைத்தான். கதவுக்கு வெளியே தாழ்ப்பாளும் வைத்தான்.

இத்தாழ்ப்பாளே இங்கு சிந்திக்கத்தக்கது. அது கோழியைக் காப்பதற்காக இடப்பட்டது. அதில் வஞ்சகம் ஏதுமில்லை. ஆயின், மரநாயை உள்ளே விடாத தாழ்ப்பாள் கோழியை வெளியேயும் விடாது. நள்ளிரவில் வெள்ளம் ஏறினால் முந்திய இரவுகளில் உயிர் காத்த கதவே அவ்விரவில் உயிர் வாங்கும். இதில் மற்றுமொரு நுட்பமும் உண்டு. கோழிக்கு இருளிற் பார்வை மிகக் குறைவு. நள்ளிரவில் ஓடிவந்து கதவைத் திறந்துவிட்டாலும், அது தான் அமர்ந்த கம்பை விட்டு இறங்காது நீர் ஏறும்வரை அங்கேயே இருக்கக்கூடும். எனவே, திறப்பதாயின் பகலொளி மங்குமுன் திறத்தல் வேண்டும். அன்றேல் கூடையிற் சுமந்து மேட்டுக்குக் கொண்டு செல்லல் வேண்டும். பிறிதோர் உயிரின் தற்காப்பு வழியை அடைத்தவர், அவ்வழி செய்திருக்கக்கூடிய பணி முழுவதையும் தம் தலைமேல் ஏற்றவராகிறார் என்பது இதனாற் பெறப்படும்.

தமிழ் மரபு அருளுக்குக் காட்டும் சிறந்த சான்றுகளுள் ஒன்று, மயிலுக்குப் போர்வை ஈந்த பேகனின் செயல். அம்மயில் காட்டு மயில். அதனைப் பேகன் அடைத்து வைக்கவில்லை. அதன் சிறகை அவன் ஒடுக்கவுமில்லை. போர்வை அளிக்காதிருந்தால் எவரும் அவனைப் பழித்திரார். ஆதலின் அது கொடை. கூட்டுக்கோழிக்கு இடும் கூரையோ அத்தகையதன்று. அதன் மரக்கிளையைப் பறித்தவரே அக்கூரையை அமைக்கிறார். எடுத்ததற்கு ஈடாகக் கொடுப்பதைக் கொடையென்று போற்றுதல் பொருந்தாது, அது கடனே. கடனை அருளென்று அழைப்பதில் ஒரு தீங்கும் உண்டு. அருள் செய்பவர் மனம் மாறினால் நிறுத்திக்கொள்ளலாம். கடன்பட்டவருக்கு அவ்வுரிமை இல்லை.

இதற்கு மூன்று மறுப்புகள் எழலாம். கோழி எப்படியும் அறுத்து உண்ணப்படுவதுதானே, வெள்ளத்தில் மடிந்தால் என்ன என்பது முதலாவது. புலாலை மறுப்பவரும் உண்பவரும் இவ்விடத்திற் கருத்து மாறுபடுவர், அவ்வழக்கு நெடியது. எனினும், கொல்வது தகும் எனக் கொள்பவரும், மூடிய கதவின் பின் நீரேற நீரேற உயிர் மூச்சுத் திணறுவது தகும் எனக் கொள்ளார். பிற்றை நாளில் நிகழவிருக்கும் சாவு, அதற்கு முந்திய நாள்களின் துன்பத்தை இல்லாததாக்குவதில்லை. மனிதனும் சாவுக்கு உரியவனே. அதனால் அவனை வருத்துதல் எவர்க்கும் உரிமையாவதில்லை. விலங்குகள் தொடர்பில் எழுப்பவேண்டிய வினா, அவை சிந்திக்குமா என்பதன்று, துன்புறுமா என்பதே என 1789இல் வெளிவந்த நூலில் பெந்தம் வலியுறுத்தினார். உரிமையாளர் தம் கோழியை இழக்கிறார், நட்டம் அவருடையதே என்னும் வாதமும் இதனால் வலுவிழக்கும். உடைமை என்னும் சொல் நட்டம் யாருக்கு என்பதைக் கூறும்; துன்பம் யாருக்கு என்பதைக் கூறாது.

இரண்டாவது மறுப்பு, இயற்கையின் சீற்றத்துக்கு மனிதன் பொறுப்பாகான் என்பது. இதனை எண்ணும்போது மகாவம்சம் எல்லாளனைப் பற்றிக் கூறும் கதைகள் நினைவுக்கு வருகின்றன. பாம்பு தன் குஞ்சை விழுங்கியதனால் ஒரு தாய்ப்பறவை அவன் ஆராய்ச்சி மணியை அசைத்தது என்பது ஒரு கதை. பருவந்தவறிய மழையால் தன் நெல் நனைந்த மூதாட்டி மணியை அசைக்க, மன்னன் அக்குறையைத் தனதாகக் கொண்டு நோன்பிருந்தான் என்பது மற்றொன்று. மழையை அவன் பெய்விக்கவில்லை. எனினும், பருவம் பிழைத்தது என்று கூறி அவளை அனுப்பிவிடவும் இல்லை. கதையின் நிகழ்ச்சியை நம்புவது கட்டாயமன்று. அதன் நியாயத்தை ஏற்பதற்குத் தடையுமில்லை. காவலை ஏற்றவர் காலத்தின்மேற் பழிபோட்டு விடுபடார்.

மூன்றாவது மறுப்பே கனமானது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி இலங்கையைத் தாக்கியபோது மாத்தளை உட்பட மலைநாட்டு மாவட்டங்களில் மண்சரிவும் வெள்ளமும் சூழ்ந்தன. நாடெங்கும் 600இற்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். சரிவு நகரும் வேளையிற் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடும் தாய், கோழிக்கூட்டை நினையாதது குற்றமா? குற்றமன்று. மனித உயிர் முந்தியது என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. ஆயின், கடன் அந்நொடியிற் பிறப்பதன்று. வெயில் காயும் நாள்களில் கூட்டை ஓடைக்கரையில் வைப்பதா, மேட்டில் வைப்பதா எனத் தேர்ந்தபோதே அது பிறந்துவிட்டது. கால்கள்மேல் உயர்த்திக் கட்டுதல், ஒரே கையால் நீக்கத்தக்க தாழ்ப்பாள் அமைத்தல், ராணிக்கேட் நோய்க்குத் தடுப்பு மருந்தேற்றுதல், பெருமழை அறிவிப்பு வந்த அன்று பொழுது சாயுமுன் கோழிகளை இடம் மாற்றுதல் என்பன யாவும் எவ்வுயிரையும் கைவிடாமற் செய்யக்கூடியன. புயல் நாளில் இயலாமை மன்னிக்கப்படும். அதற்கு முந்திய நாள்களின் அசட்டை மன்னிக்கப்படாது.

இவ்வாதத்தை ஏற்பவர் அதனைக் கோழிக்கூட்டோடு நிறுத்திக்கொள்ள இயலாது. மனிதரைப் பறவையோடு ஒப்பிடுதல் இங்கு நோக்கமன்று; சிறிய உயிர்க்கே இக்கடன் உண்டெனின் மனிதர்க்கு எத்துணை மடங்கு உண்டு என்பதே கருத்து. 2014 ஒக்டோபர் 29 அன்று பதுளை மாவட்டம் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் லயன்கள் மண்ணுள் புதைந்தன. அவ்விடம் ஆபத்தானது, மக்களை அகற்றவேண்டும் என 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. அச்சரிவில் லயன் கட்டும் இடத்தைத் தேர்ந்தவர்கள் அங்கு வாழ்ந்த தொழிலாளர் அல்லர். சொந்தக் காணியின்றி அவர்கள் வேறெங்கும் வீடமைத்துச் செல்லவும் இயலாதிருந்தது. கதவிற் பூட்டில்லை எனினும் வழி அடைபட்டிருந்தது. அவ்வாறு அடைபட்டோருக்குப் பாதுகாப்பான காணியும் வீடும் அளிப்பதை நலன்புரி உதவியென அழைப்பது, கூட்டின் கூரையைப் பேகனின் போர்வையென அழைப்பதை ஒக்கும்.

உயிர்களை வளர்ப்பது இனியதொரு செயல். காலையிற் கூட்டைத் திறந்ததும் சிறகடித்து ஓடிவரும் கோழிகளுக்குக் குறுணலைத் தூவும் சிறுவன், அவை தன்மேற் கொண்ட அன்பால் வருவதாக எண்ணி மகிழ்கிறான். அவை வருவது, வேறு போக்கிடம் இல்லாமையாலும் ஆகும் என்பதை அவன் மெல்ல அறியவேண்டும். அவ்வறிவு அவன் மகிழ்ச்சியைக் குறைக்கவேண்டியதில்லை. மாலையில் தாழ்ப்பாளை இடும்போது, அதனைத் திறக்கவேண்டியவனும் தானே என்பதை அவன் கை உணர்ந்திருந்தால் அதுவே போதுமானது.